மூன்று நாற்பதுக்கு எழுதிய அளவு

ஜனவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற வழக்கம் நமக்குள் அக்டோபரோடு நின்றுபோனது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மின் ஆய்வு அலுவலகத்திலிருந்து எனக்குத் தாள் வந்திருக்கிறது. உன் அண்ணாவைக் கொண்டுபோன தீ பற்றி பிப்ரவரி மூன்றாம் தேதி உன் மேல் விசாரணையாம். வீட்டில் வயரிங் செய்தது யார், அதில் வேறு யாராவது கை வைத்தார்களா என்று என்னை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டேன். இரண்டே வரி. பின்னறைக்குப் போகும் லைன் முழுக்க என் கணவரின் தம்பி போட்டது. வேறு ஒருவரும் அதைத் தொடவில்லை. பொய் இருந்தால் சொல், திருத்துகிறேன்.

உனக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. மருத்துவமனையில் உன் அண்ணாவின் துணிகளோடு அவருடைய நோட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பனியனுக்குள் செருகியிருந்ததாம். மூன்று வாரம் அதைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. நேற்றுதான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

உனக்கு மறந்திருக்காது. பக்கவாதம் வந்து படுத்தவருக்குப் பொழுது போகட்டும் என்று, மீட்டர் பட்டறையில் கழித்துப் போட்ட வோல்ட் மீட்டர் ஒன்றையும் ஆம்பியர் மீட்டர் ஒன்றையும் கட்டிலிலிருந்து தெரியும்படி நடைவழிச் சுவரில் நீதான் மாட்டிக் கொடுத்தாய். ஊசி அசையும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, விளங்கின ஒரே கையான இடது கையால் எழுதி வைப்பார். பட்டறையிலும் அவர் வேலை அதுதானே. பதினான்கு வருடம் நான் ஊசியைப் படித்துச் சொன்னேன், அவர் எழுதினார். நீ இருந்த இரண்டு வருடமும் மூன்றாம் மேஜையில் உட்கார்ந்து அந்த எண்களை வகுத்தாய். படிக்கிறவரும் எழுதுகிறவரும் வகுக்கவே கூடாது என்பது அங்கே சட்டம். விடை தெரிந்துவிட்டால் கண் அதற்கேற்றபடி ஊசியைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பார் மேற்பார்வையாளர்.

அந்தச் சட்டப்படியே, படித்ததை அப்படியே சொல்கிறேன். டிசம்பர் 18, பிற்பகல் மூன்று நாற்பது. 212 வோல்ட், 6.0 ஆம்பியர். அதற்குக் கீழே வெறும் கோடு போட்ட தாள்.

ஆறு ஆம்பியர், தம்பி. 'பத்து ஆம்பியர் கண்ணை மூடிக்கிட்டு தாங்கும் அண்ணி, எழுதி வாங்கிக்கோங்க' என்று கையைத் தட்டிச் சொன்னாயே, அந்த லைன் ஆறுக்கே தீப்பிடித்துக்கொண்டது. பத்தில் ஆறு போனால் மிச்சம் என்ன என்று கேட்டு உன்னைச் சிரமப்படுத்த மாட்டேன். உனக்கு வகுக்கத் தெரியும். உட்கார்ந்து வகுத்துப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜனவரி 13

அண்ணி அவர்களுக்கு,

அவர்கள் என்று போட்டது மரியாதைக்காக. உள்ளே இருந்து வரவில்லை, கைதான் எழுதுகிறது.

என் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் கவனக்குறைவுதான் என்று மூன்றாம் தேதி எழுதிவிட்டார்களானால், லைசன்ஸோடு முடியாது, சிறைக்கும் போவேன். சொந்த அண்ணனைக் கொன்றவன் என்று போவேன். நீங்கள் எழுதிய இரண்டு வரி அதற்குப் போதும். அதனால் உங்கள் நக்கலை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

அந்த லைனில் நான் என்ன போட்டேன் என்று எனக்குத் தெரியும். மெயின் போர்டிலிருந்து வயர் வருகிறது. பின்னறை நிலைக்கு மேலே ஒரு ஜாயிண்ட். அங்கிருந்து இரண்டு மீட்டருக்கும் போய், அப்புறம் இரண்டே இரண்டு பாயிண்ட். ஒன்று அண்ணாவின் ஹீட்டருக்கு. இன்னொன்று உங்கள் முன்னறையில், அண்ணா உங்களைக் கூப்பிடும் அழைப்பு மணிக்கு. மணி இழுப்பது கொசு கடித்த மாதிரி, கணக்கிலேயே வராது. ஹீட்டர் இரண்டாயிரம் வாட். ஒன்பதுக்கும் குறைவான ஆம்பியர். பத்துக்குப் போட்ட வயர் அதற்குத் தாராளம். ஜாயிண்டை நானே முறுக்கி, நானே இழுத்துப் பார்த்தேன். அதை மரப்பெட்டிக்குள் வைத்தது தப்பு. இரும்புப் பெட்டி அன்று கையில் இல்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தத் தப்பை அதிகாரியிடமும் ஒத்துக்கொண்டேன். ஆனால் தீக்குச்சி கிழித்துப் போடாமல் மரம் தானாக எரியாது.

உங்களிடம் இரண்டு கேள்வி. மெயின் போர்டில் அன்று 230 இருந்ததாக அறிக்கையே சொல்கிறது. அந்த மீட்டரில் வழக்கமாக 229 காட்டும். 212-க்கு எப்படி இறங்கியது? இரண்டாவது, அது 6-தானா? அண்ணா இடது கையால் எழுதியது. 8-ஆக இருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

முடிந்தால் அன்றைய முழுப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்புங்கள். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் டாக்டர் அறை வாசலில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. 'நீங்க நாள் எண்ணிக்கிட்டு இருக்கீங்க அண்ணி' என்றேன். எண்ணி முடித்துவிட்டீர்கள்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். பார்த்தேன். ஆறு.

பதினான்கு வருடத்தில் என் வாயிலிருந்து தப்பான அளவு ஒன்றாவது வந்தது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? நீ வகுத்ததைத்தான் வாரத்துக்கு இரண்டு முறை திருப்பி அனுப்புவார்கள். உன் அண்ணா சாப்பாட்டு வேளையில் யாருக்கும் தெரியாமல் அதைச் சரிபண்ணி உன் மேஜையில் வைப்பார். 'மூணாம் மேஜை, புள்ளியை எங்கடா வச்சிருக்க?' என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். பட்டறையை விட்டு நீ வயரிங் வேலைக்குப் போனபோது அவர் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை. புள்ளி தப்பினால் தாள் திரும்பி வரும், ஜாயிண்ட் தப்பினால் என்ன வரும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

உன் சந்தேகம் தீர இன்னொரு வரி தருகிறேன். அதே நாள், காலை பத்து மணி. 229 வோல்ட், 8.7 ஆம்பியர். அவர் 8 எழுதினால் மேலும் கீழும் இரண்டு சுழி இருக்கும், இடுப்பு ஒட்டாது. 6-க்கு ஒரே வயிறுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். காலையில் எட்டே முக்கால் இழுத்த லைன் சாயங்காலத்துக்குள் மூச்சு வாங்கி ஆறுக்கு வந்துவிட்டது. வோல்ட்டும் விழுந்தது, ஆம்பியரும் விழுந்தது. சாகப்போகிற நாடி மாதிரி. உன் கைவேலையின் நாடி.

முழுப் பக்கத்தை அனுப்ப மாட்டேன். அது அவர் எழுதியது, என்னிடம் இருக்கிறது, என்னிடமே இருக்கும். அதிகாரியிடம் சொல்லிப் பிடுங்கலாம் என்று நினைக்காதே. அடுப்பு கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது. முன்னறையில்தான் இருந்தேன். அழைப்பு மணிக்குப் பக்கத்திலேயே, நாற்காலியில். அது அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஓடியிருப்பேன். ஹீட்டர் ஸ்விட்சையும் மணியின் பித்தானையும் ஒரே கட்டையில் பொருத்தி இடது கைக்குப் பக்கத்தில் வைத்து, 'ராஜா மாதிரி படுத்துக்கிட்டே ஆளலாம் அண்ணா' என்றாயே. ராஜா பித்தானை அழுத்தினாரோ இல்லையோ, மணி வரவில்லை. அதையும் உன் வேலைப்பட்டியலில் சேர்த்துக்கொள்.

நாள் எண்ணினேன் என்கிறாய். ஒன்றரை வருடம் அவருக்கு மலஜலம் எடுத்தவள் நான். முதுகில் புண் வராமல் ராத்திரி பகல் பாராமல் புரட்டிப் போட்டவள் நான். நீ மாதம் ஒரு தடவை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவாய். நீ போன பிறகு ஒரு வாரம் 'தம்பி எப்ப வருவான்' என்று என் உயிரை எடுப்பார். எண்ணினேன் என்றால் அதைத்தான் எண்ணினேன்.

அண்ணி


ஜனவரி 21

அண்ணி,

இன்னொரு வரி தந்ததற்கு நன்றி. அதைத் தந்திருக்கவே கூடாது நீங்கள்.

நான் வகுத்துவிட்டேன். முதல் கடிதம் வந்த அன்றைக்கே வகுத்தேன். விடை பொருந்தவில்லை. அதனால்தான் ஆறா எட்டா என்று கேட்டேன். எட்டாக இருந்தால் ஏதோ பொருந்தும். ஆறு என்று சத்தியம் செய்துவிட்டீர்கள். பதினான்கு வருட அனுபவம் சொல்கிறது, நானும் நம்புகிறேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். மெதுவாகவே போகிறேன், நீங்கள் வகுத்துப் பழகாதவர்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் செருகியிருக்கும் பொருளின் தடை வரும், ஓம் கணக்கில். பெருக்கினால் அது தின்கிற வாட் வரும். காலை பத்து மணி: 229-ஐ 8.7-ஆல் வகுத்தால் 26.3 ஓம். பெருக்கினால் 1992 வாட். ஊசியில் துளி முன்னே பின்னே இருக்கும், இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, அது அண்ணாவின் ஹீட்டர்.

மூன்று நாற்பது: 212-ஐ 6-ஆல் வகுத்தால் 35.3 ஓம்.

லைனுக்கு மூச்சு வாங்கியது, நாடி விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருந்தது படிக்க. ஆனால் ஹீட்டரின் கம்பிச்சுருளுக்கு மூச்சும் கிடையாது, நாடியும் கிடையாது. வோல்ட் விழுந்தால் ஆம்பியரும் கூடவே அதே அளவில் விழும், தடை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 212 வோல்ட்டில் அண்ணாவின் ஹீட்டர் எட்டு ஆம்பியர் இழுத்திருக்க வேண்டும். ஆறு இழுத்தது வேறு ஒன்று.

என்ன வேறு ஒன்று? நான் வாங்குகிற ஒவ்வொரு ஹீட்டரையும் கொடுப்பதற்கு முன்னால் அளந்து, முதுகுத் தகட்டில் பென்சிலால் ஓம் எழுதி வைப்பேன். பட்டறைப் புத்தி. உங்கள் வீட்டில் நான் கொடுத்த ஹீட்டர் இரண்டு. அண்ணாவுடையதில் 26.4 என்று இருக்கும். இன்னொன்று ஆயிரத்தைந்நூறு வாட், போன குளிருக்கு உங்கள் முன்னறைக்காக வாங்கிக் கொடுத்தது. எழுந்து போய் அதைத் திருப்பிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? 35.3.

அந்த லைனில் பாயிண்ட் இரண்டுதான் என்று போன கடிதத்திலேயே சொன்னேன். பின்னறைப் பாயிண்ட்டில் அண்ணாவின் ஹீட்டர். உங்கள் ஹீட்டரைச் செருக வேண்டும் என்றால் முன்னறையில் மணியைப் பிடுங்கித்தான் செருக முடியும். இரண்டு பிளக் ஒரே துளையில் நுழையாது. மணி அடிக்கவில்லை என்று எழுதினீர்களே, உங்கள் காலடியில் பிடுங்கிக் கிடந்தது அது. என் வேலைப்பட்டியலில் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்க்கவா?

அறிக்கையில் 'அழைப்பு மணி முறையாகச் செருகப்பட்டிருந்தது' என்று எழுதியிருக்கிறார்கள். எப்போது செருகினீர்கள்?

இரண்டு ஹீட்டரும் சேர்ந்தால் பதினைந்து ஆம்பியர். பத்து ஆம்பியர் பியூஸ் அதற்கு உடனே போகாது, ரொம்ப நேரம் சகித்துக்கொண்டு இருக்கும். ஜாயிண்ட்தான் வெந்துகொண்டே வரும். ஒரு நாளில் நடப்பதில்லை அது. எத்தனை நாள் அண்ணி? கடைசியில் போர்டில் 230, மீட்டரில் 212. நடுவில் காணாமல் போன பதினெட்டு வோல்ட்டும் ஜாயிண்டில் போனது. பதினெட்டை ஆறால் பெருக்கிப் பாருங்கள். நூற்றெட்டு வாட். என் கைப்பிடி அளவு மரப்பெட்டிக்குள் ஒரு நூறு வாட் பல்பை ஏற்றி மூடி வைத்த மாதிரி.

இது போதும் என்னை விடுவிக்க. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எனக்கு மனம் இல்லை. இன்னொன்றும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது, அது விசாரணைக்கு வேண்டாம், உங்களுக்கு மட்டும் வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு அந்த லைனில் உங்கள் ஹீட்டர் மட்டும்தான் எரிந்தது. அண்ணாவுடையது எரியவில்லை. அதை அணைத்தது யார்? ஸ்விட்ச் அவர் இடது கைக்குப் பக்கத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. வோல்ட் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். முப்பது வருடம் மீட்டர் பட்டறையில் இருந்த மனுஷனுக்கு லைன் வேகிறது என்று தெரியாதா? மணியை அழுத்தியிருப்பார், வராது. அவருக்கு எட்டிய ஸ்விட்ச் ஒன்றே ஒன்று, அவருடைய ஸ்விட்ச். அதை அணைத்தார். உங்கள் சூட்டை விட்டுவிட்டுத் தன் சூட்டை அணைத்துவிட்டு, டிசம்பர் குளிரில், அசைய முடியாத உடம்போடு படுத்துக்கொண்டு, அப்புறமும் ஒழுங்காகக் கடிகாரம் பார்த்து அளவை எழுதினார்.

நீங்கள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். கதகதப்பாக இருந்திருக்கும். 1272 வாட்.

நோட்டு எனக்கு முழுசாக வேண்டும். அடுப்பில் போடுவதானால் போடுங்கள். உங்கள் கையெழுத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு அளவு என்னிடம் இருக்கிறது.

தம்பி


ஜனவரி 24

யார் உன்னை வகுக்கச் சொன்னது?


ஜனவரி 26

நீங்கள்தான். ஒன்பதாம் தேதிக் கடிதம், கடைசி வரி.

விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.


ஜனவரி 29

தம்பிக்கு,

ஹீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் 35.3 இருக்கிறது. உன் 5 எப்போதும் தொப்பி இல்லாமல்தான் இருக்கும்.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுசாக இருக்கிறது, ஒரு தாளும் கிழிக்கவில்லை. முன்பு எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைத்தான் கிழித்தேன். புதிதாக எழுதி நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு நாள் மணியின் பாயிண்ட்டில் ஹீட்டரைச் செருகினேன் என்று எழுதியிருக்கிறேன். உன் லைசன்ஸ் உன்னிடம் வந்துவிடும். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. அதை உன்னிடம் கேட்கவும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். எப்போது செருகினீர்கள் என்றாய். நாலு மணி தாண்டியிருக்கும், கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. எழுந்தேன். முதலில் ஹீட்டரைப் பிடுங்கினேன். மணியின் பிளக்கைத் தேடி எடுத்துச் செருகினேன். ஹீட்டரைத் தள்ளி மூலையில் வைத்தேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். யாரோ வந்து பார்ப்பார்கள் என்று அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அளக்கவில்லை. அளக்காமல் விட்ட ஒரே அளவு அதுதான்.

நீ கேட்காததற்கும் பதில் தருகிறேன், உன் கணக்கு பாதியில் நிற்க வேண்டாம். மணி இல்லாததால் அவர் வாயால் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. பெட்பேன் கேட்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போனால் ஒன்றும் ஆகாது என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறுபடி கூப்பிடவில்லை. நல்லவேளை, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

நோட்டை உன் கடிதம் வந்த பிறகுதான் பின்னாலிருந்து புரட்டினேன். அந்தக் கடைசிப் பக்கத்திலேயே மூன்று பத்துக்கு 221 வோல்ட், 14.6 ஆம்பியர் என்று இருக்கிறது. என் ஹீட்டரும் அவர் ஹீட்டரும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது, அதை நான் உனக்கு வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஆறு எனக்குத் தெரியவில்லை. லைன் செத்துக்கொண்டிருக்கிறது, அதனால் ஆறு என்றுதான் நிஜமாகவே நம்பினேன். ஊசியைப் படிக்கிறவள் வகுக்கக் கூடாது என்று பழகிவிட்டேன். வகுத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டேன். உன்னைக் குத்துவதற்கு இருந்ததிலேயே சின்ன எண்ணாகப் பொறுக்கி எடுத்தேன்.

பன்னிரண்டு நாளும் அவர் எழுதியிருக்கிறார். மூன்று மணிக்கு ஊசி பதினாலுக்கு மேல் குதிக்கிறது, ஐந்து மணிக்கு எட்டே முக்காலுக்கு இறங்குகிறது. மணி பிடுங்கிக் கிடக்கிறது என்று அவருக்கு அன்றாடம் தெரிந்திருக்கிறது. ஐந்து மணிக்கு டீ கொண்டுபோவேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. 'சூடா இருக்கு, நல்லாயிருக்கு' என்பார். டீயைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது உன் பங்கு.

மணியின் பாயிண்ட்டில் நான் ஏன் செருகினேன்? முன்னறையில் ஹீட்டருக்கென்று நீ போட்ட பாயிண்ட் நவம்பர் கடைசியில் செத்துப்போனது. அதனால் செருகினேன். உனக்கு மூன்று கடிதம் வந்தது, நவம்பர் முப்பது, டிசம்பர் ஆறு, டிசம்பர் பதினொன்று. முதல் கடிதத்துக்கு 'வேறு ஆளைப் பாருங்கள்' என்று ஒரு அட்டையில் எழுதிப் போட்டாய். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். கையெழுத்து என்னுடையது, அதனால் வார்த்தையும் என்னுடையது என்று முடிவு செய்துவிட்டாய். நான் உன்னைக் கூப்பிடுவேனா? குளிரில் விறைத்தாலும் கூப்பிட மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? மூன்றையும் சொன்னவர் அவர். முதல் முறையாக அவர் சொல்ல நான் எழுதினேன். எழுதுகிறவள் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, மாற்றவில்லை.

வேறு ஆளைக் கூப்பிட நான் இரண்டு தடவை கிளம்பினேன். 'என் தம்பி போட்ட லைன்ல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது' என்று ஒரே பிடிவாதம். வாயும் சரியாக வராது, கோணிக்கொண்டு போகும், எச்சில் வழியும், ஆனாலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

மூன்றாவது கடிதமும் இந்த உறைக்குள் இருக்கிறது. நீ திருப்பி அனுப்பியபடியே இருக்கிறது, நானும் பிரிக்கவில்லை. எழுதியவளுக்குப் பிரிக்கத் தேவை இல்லை. நீ பிரிக்க மாட்டாயோ என்னவோ, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

'டேய் மூணாம் மேஜை. உங்க அண்ணி முன்னறையில கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பாயிண்ட்டைப் பாத்துட்டுப் போடா. அஞ்சு நிமிஷ வேலை. அவகூட நீ பேச வேணாம், அவளும் உன்கூடப் பேச மாட்டா, நான் சொல்லிட்டேன். கோபமெல்லாம் எங்கேயும் போகாது, அப்படியே இருக்கும், வெயில் வந்ததும் எடுத்து வச்சுக்கலாம். இப்ப வா.'

டிசம்பர் பதினொன்று. அவருக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. நீ வந்திருந்தால் போதும்.

இதை விசாரணைக்குக் கொண்டுபோகத் தேவை இல்லை. இது உனக்கு மட்டும்.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணி,

விசாரணை முடிந்தது. நோட்டைக் கொடுத்தேன். அதிகாரி கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, அவர் முன்னாலேயே வகுக்கச் சொன்னார். வகுத்தேன். மூன்று நாற்பது வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவரே வகுத்துக்கொண்டார். மரப்பெட்டிக்கு எச்சரிக்கை எழுதிவிட்டு லைசன்ஸைக் கையில் கொடுத்தார். உங்களுக்குத் தனியாகத் தாள் வருமாம், இந்த மாதக் கடைசிக்குள். நான் உங்களுக்காக ஒன்றும் பேசவில்லை. எதிராகவும் பேசவில்லை.

மூன்றாவது கடிதத்தைப் பிரித்தேன். நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை.

நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பட்டறைக்குப் போயிருந்தீர்கள், அந்த நேரம் பார்த்துத்தான் வந்தேன். அடுத்த வீட்டம்மாவிடம் சாவி வாங்கினேன். பின்னறைக்குள் போகவில்லை. முன்னறையில் அந்தச் செத்துப்போன பாயிண்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வயர் நன்றாக இருக்கிறது. எதுவும் கருகவில்லை. உள்ளே ஒரு திருகு தளர்ந்து வயர் நழுவியிருந்தது, அவ்வளவுதான். வயரை உள்ளே தள்ளி, திருகை அரைச் சுற்று இறுக்கினேன். அண்ணா அஞ்சு நிமிஷம் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூடியைப் போட்டுவிட்டு அளந்து பார்த்தேன். 229 வோல்ட் வருகிறது. ஆம்பியர் பூஜ்யம். ஹீட்டர் மூலையில்தான் இருந்தது, செருகிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி